தனபாலன் ஐயாவை எங்கே உட்கார வைப்பது

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

கடைக் கதவை முழுசாகத் தூக்கவும் இல்லை, கட்டடச் சொந்தக்காரர் வந்து நின்றார். ஒழுங்கைக் கடைகள் முழுவதையும் உடைத்து வாகனம் நிறுத்துகிற இடமாக்கப் போகிறாராம். ஜூலை முடிவதற்குள் நான் வெளியேற வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

கண்டி டவுனில் எந்தச் சாப்பாட்டுக்கடைக்குள் போனாலும் மேசையில் இருப்பது என் தட்டு, என் கோப்பை. அலவத்துகொடயில் வீட்டு வாசலில் நாலு வாளியை வைத்து விற்கத் தொடங்கியவள், இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது கடையில்லாமல் ஒரு மாதம் நின்றால் போதும், லாபிர் எல்லா ஹோட்டல்காரரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அதே பீங்கான், அதே பிளாஸ்டிக், ரெண்டு தெரு தள்ளி. நான் எப்போது தடுக்கி விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

கொழும்பு வீதி முனையில் தனபாலன் ஐயாவின் பழைய துணிக்கடை பூட்டிக் கிடக்கிறது. போன் எடுத்துக் கேட்டேன்.

“நல்லதும்மா, பேசுவோம். வெளிய எங்கயாச்சும் சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்.”

“வீட்டுக்கு வரட்டா ஐயா?”

“வீடு வேணாம்.”

லாபிரும் கேட்டிருக்கிறாராம். அதையும் சொல்லித்தான் போனை வைத்தார்.

பெப்ரவரி 10, சனி

ஐயா சுத்த சைவம். ஆகவே யட்டினுவர வீதிச் சைவக் கடை. எனக்கும் தொல்லையில்லை — இறைச்சியே இல்லாத இடத்தில் ஹலாலா என்று கேட்கத் தேவையில்லை. வசதியான தெரிவு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு போனேன்.

பகல் பன்னிரண்டரைக்கு அந்தக் கடையில் ஒவ்வொரு கதிரைக்குப் பின்னாலும் இன்னொரு ஆள் நிற்கிறார் என்பதை மறந்துவிட்டேன். ரசம் வருவதற்குள் என் கதிரை முதுகில் யாரோ ஒருவரின் கை. “ஐயா, அந்த வாடகை விஷயம்...” என்று நான் வாயைத் திறக்கவும், மேலேயிருந்து ஒரு குரல்: “அக்கா, முடிஞ்சிச்சா?”

ஐயா மட்டும் அவசரப்படவில்லை. ரெண்டாம் தரம் சோறு வாங்கினார். மூன்றாம் தரமும். எழும்பிக் கை கழுவிவிட்டு, “நல்ல சாப்பாடு. இன்னொரு நாளைக்கு ஆறுதலா பேசுவோம்” என்றார்.

நான் பாதி வயிற்றோடு கடைக்கு வந்து பிஸ்கட் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 13, செவ்வாய்

இந்தத் தெருவில் கடை கைமாறுவது, சீட்டு எடுப்பது, கலியாணம் பேசுவது எல்லாம் கொழும்பு வீதி முஸ்லிம் ஹோட்டலில் காலை பத்து மணிக்கு, கீழ்த்தளத்து மேசையில்தான். லாபிர் அங்கேதான் இருப்பார். தனபாலன் ஐயாவும் சில நாள் வந்து ஒரு பிளேன்டீ மட்டும் குடிப்பார். அந்தச் சமையலறையில் வேறெதையும் தொடமாட்டார்.

சரி, நானும் அங்கேயே அவரைப் பிடித்தால் என்ன? இன்று போய்ப் பார்த்தேன். வாசலில் கால் வைத்ததும் காசு வாங்குகிறவர், “ராத்தா, ஃபெமிலி மேல!” என்றார்.

மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறை, ஒவ்வொன்றுக்கும் திரை. பெண்பிள்ளைகள் முகத்திரையை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் திரைக்குள் அந்நிய ஆம்பிளையோடு நான் எப்படிப் போய் உட்காருவது? கீழே இருந்தால் மரியாதை இல்லை. மேலே இருந்தால் மானமே இல்லை. அப்ப நான் எங்கதான் இருக்கிற? படியிலயா?

மகள் ஆஸிகாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “உம்மா, நீங்க வீடு வந்து சேர முந்தி கதை அலவத்துகொடைக்கு வந்திரும்.”

வாவிக்கரையில் பெரிய ஹோட்டல் இருக்கிறது. அமைதியான இடம். நுழைந்தவுடனே போத்தல் போத்தலாக அடுக்கி வைத்த பார். அதுவும் இல்லை.

ஊர் முழுக்கச் சாப்பாட்டுக்கடை. ரெண்டு பேர் உட்கார்ந்து பேச ஒரு மேசை இல்லை.

பெப்ரவரி 21, புதன்

பெரிய கடைத்தொகுதியின் மேல்மாடி. திறந்த இடம், திரையும் இல்லை, பின்னால் நிற்கிற ஆளும் இல்லை, பொம்பிளை ஆம்பிளை எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். இதை ஏன் முதலே யோசிக்கவில்லை என்று இருந்தது.

ஏன் என்று பிறகு விளங்கியது. காசு கொடுத்ததும் கையில் ஒரு வட்டப் பெட்டியைத் தருகிறார்கள். சாப்பாடு தயாரானதும் அது நடுங்குமாம். ஐயாவின் கையில் அது நடுங்க, அவரும் நடுங்கிக் கீழே போட்டார். பக்கத்து மேசையில் பிறந்தநாள் பாட்டு. காதுக்குள் பலூன் வெடித்தது.

ஐயா கவுண்டருக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் கேட்டார், இந்த எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறீர்கள் என்று. அது நேர்மையான பிள்ளை. கோழி, இறால், கணவாய் என்று சொல்லிவிட்டது. கடைசியில் ஐயா சாப்பிட்டது ஒரு ஐஸ்கிரீம். கரைய முதல் அதை முடிக்கிறதிலேயே கவனமாக இருந்தார்.

படியிறங்கும்போது, “லாபிர் ஹாஜியார் உங்களவிடக் கொஞ்சம் கூடச் சொல்றாரும்மா” என்றார்.

நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே!

பெப்ரவரி 22, வியாழன்

தலைவலி. யாரோடும் பேச விருப்பமில்லை.

மார்ச் 5, செவ்வாய்

ஆஸிகாதான் யோசனை சொன்னாள். “எங்கட இவரையும் கூட்டிட்டுப் போங்க உம்மா. குடும்பத்து ஆம்பிளை ஒருத்தர் பக்கத்தில இருந்தா எங்கயும் இருக்கலாம்.” அவளுடைய மாப்பிள்ளை ஷப்ராஸ் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. கோபமே வராத, எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கப் பிறந்த பிள்ளை. அதுதான் பிரச்சினை என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

இடமும் அவரே பார்த்தார். மொட்டைமாடியில் புதிதாகத் திறந்த கஃபே. மரப்பலகையில் சோறு வைக்கிறார்கள். (தட்டு வாங்க வக்கில்லையா? நாளைக்கே ஆளை அனுப்ப வேண்டும்.) சைவத்துக்குத் தனிச் சமையல் உண்டு. காற்று, வெளிச்சம், அமைதி. எல்லாம் சரி.

ஐயா உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து ஷப்ராஸைப் பார்த்துத்தான் பேசினார். கடையின் அகலம், கூரை, மின்சாரம் எல்லாம் அவருக்குத்தான் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அந்தப் பக்கம் போனது. நான் ஊறுகாய் மாதிரி ஓரத்தில்.

சரி, பொறுத்தேன். அப்போது ஐயா கேட்டார்: “தம்பிதான் கடையைப் பார்க்கப் போறீங்களா?”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். மருமகன் முகம் மலர்ந்து சொல்கிறார்: “மாமிக்கும் வயசு போகுது தானே அங்கிள். எப்பயும் ஒரு நாளைக்கு நாங்கதானே பொறுப்பெடுக்கணும்.”

எனக்கு ஐம்பத்தி மூணு!

ஐயா தலையை ஆட்டினார். “அப்ப அவசரமில்ல. நீங்க குடும்பமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் லாபிர் ஹாஜியாரோடயும் ஒருக்கா பேசிக்கிறேன்.”

மார்ச் 6, புதன்

பெற்ற மகனாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். மருமகனுக்குக் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து, “நல்லாச் சாப்பிடுங்க மகன்” என்றேன். பல் கடித்ததில் தாடை வலிக்கிறது.

மார்ச் 14, வியாழன்

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். இன்று வரச் சொல்லி ஐயாவே போன் எடுத்தார். இந்த மாதத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லாபிரும் நோன்புதானே. அவர் போகாத நேரத்தில் நான் போனால் முந்திவிடலாம் என்று ஒரு கணக்கு.

மூன்று மணி. சைவக் கடையில் கூட்டமில்லை, கதிரைக்குப் பின்னால் யாருமில்லை. பெப்ரவரியில் கேட்ட அமைதி இப்போது கிடைத்தது. ரெண்டு மசாலா தோசை சொன்னார். நான் கையசைத்தேன்.

“அட, நோன்பா? மறந்தே போயிட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா.”

பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டார். நெய் மணம். சட்னியைத் தொட்டுத் தொட்டு, அவசரமேயில்லாமல். எனக்காகச் சொன்ன தோசையும் வந்துவிட்டது. வீணாக்கக் கூடாது என்று அதையும் சாப்பிட்டார். தொண்டை காய, நான் தண்ணீர்க் கோப்பையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாடகை என்று தொடங்கினேன்.

“வேணாம்மா. பட்டினியா இருக்கிறவங்களோட வியாபாரம் பேசுறது பாவம். பெருநாள் முடியட்டும்.”

பாவமாம்! ரெண்டு தோசைக்குப் பிறகுதான் பாவம் கண்ணுக்குத் தெரிந்தது.

மார்ச் 15, வெள்ளி

நோன்போடு ஒரு மனுஷனைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

பெருநாள் முடிந்தது. புதுவருஷமும் முடிந்தது. ஐயாவிடமிருந்து சத்தமில்லை. பேராதனைப் பக்கம் ஒரு கடையில் லாபிரும் ஐயாவும் சாப்பிடுவதைக் கண்டதாக நேற்று சாமான் ஏற்றுகிற கணேஸ் சொன்னான். முடிந்தது, கடை போய்விட்டது என்று நினைத்தேன். இரவு தூக்கமில்லை.

காலை பத்து மணிக்கு நேரே முஸ்லிம் ஹோட்டலுக்குள் போனேன். ரெண்டு பேரும் இருப்பார்கள், முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று.

“ராத்தா, ஃபெமிலி...”

“நான் ஃபெமிலி இல்ல, வியாபாரி. ஒரு பிளேன்டீ. கீழ.”

போய் உட்கார்ந்தேன். வெயிட்டர் முதலாளியைப் பார்க்க, முதலாளி கூரையைப் பார்த்தார். ஐயா இல்லை. லாபிர் மட்டும், ஒரு கையில் ரோல்ஸ். கையும் வாயும் அப்படியே நின்றன.

“லாபிர், கடை உங்களுக்கா? ஒரே சொல்லில சொல்லுங்க.”

அவர் ரோல்ஸைக் கீழே வைத்தார். “அல்லாவே! உங்களுக்குக் குடுத்தாச்சுன்னுதானே நான் நினைச்சேன்! ராத்தா கூடச் சொல்றாங்க, ராத்தா கூடச் சொல்றாங்கன்னு என்ட உயிர எடுக்கிறார் மனுஷன்.”

“நான் இன்னும் விலையே சொல்லல்ல.”

“நானும்தான்!”

பிறகு லாபிர் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு எத்தின சாப்பாடு ராத்தா?”

“நாலு.”

“எனக்கு எட்டு. நோன்பில நேரம் போதாம நோன்பு திறக்கவும் கூட்டிட்டுப் போனேன். எனக்குக் கஞ்சி, அவருக்குத் தோசை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்துக்குள் லாபிருக்கு முன்னால் நான் சிரித்தது இதுதான் முதல் தரம். நாலு வருஷத்துக்குள் என்றும் சொல்லலாம்.

மிச்சத்தை லாபிர் சொன்னார். பெருநாளன்று வட்டிலாப்பம் கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனாராம். முட்டை இருக்கிறது என்று ஐயா வாங்கவில்லை. ஆனால் குசினி தெரிந்திருக்கிறது. அடுப்பின் மேல் பழைய பேப்பர்க் கட்டு. மேசையில் பாணும் வாழைப்பழமும். “ஐயாட பொஞ்சாதி இராஜகுமாரி அம்மா, மகள் நிரோஷினிட பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போனவங்க. நவம்பர்ல. விசாவை நீட்டிட்டாங்களாம். மனுஷன் யாருக்கும் சொல்லல்ல.”

வீடு வேணாம் என்றது அதுதான். அந்தக் காலத்தில் தெருவே பார்க்கத் துணிக்கடை வைத்திருந்த மனுஷன், சோறாக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? கடையைக் கொடுத்துவிட்டால் சாப்பிட யார் கூப்பிடுவார்கள்?

விளங்குகிறது. விளங்கினாலும் எரிச்சல் போகவில்லை. என் கழுத்தில் ஜூலை நிற்கிறதே!

அந்தக் கடையின் முன்வாசல் அகலம். நடுவில் பலகை அடித்தால் ரெண்டு கடை. அவருக்குப் பிளாஸ்டிக், எனக்குப் பீங்கான். ஒருவர் பொருளை மற்றவர் விற்கக் கூடாது. ரெண்டாவது பிளேன்டீ ஆறுவதற்குள் பேசி முடித்தோம். இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் வெட்டி விலை குறைத்ததை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஏப்ரல் 22, திங்கள்

லாபிரும் நானும் சேர்ந்து ஐயாவைச் சைவக் கடைக்குக் கூப்பிட்டோம். பதினொன்றரைக்கே போய் மேசை பிடித்தோம். ஐயா வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு லாபிரை. முகம் விழுந்துவிட்டது.

“ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்களா.”

கடையைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிற விஷயத்தை லாபிர் சொன்னார். வாடகை நான் சொன்னேன். குறைவாகச் சொல்லவில்லை; ஏமாற்றி வாங்கிய கடையில் வியாபாரம் நிற்காது. பருப்பு வருவதற்குள் ஐயா சரி என்றுவிட்டார். பேரம் பேசவேயில்லை. இலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப... பேச்சு முடிஞ்சிடுச்சு இல்லையாம்மா?”

லாபிர் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவர் செருப்பை மிதித்தேன்.

“எங்க ஐயா முடிஞ்ச? பலகை அடிக்கணும், மின்சாரம் பிரிக்கணும், ஒப்பந்தம் எழுதணும். எல்லாம் ஒரே நாள்ல பேசுற விஷயமா? வியாழக்கிழமை வாங்க.”

“வியாழக்கிழமையா,” என்றார். அப்புறம்தான் சோற்றில் கை வைத்தார்.

ஜூலை 25, வியாழன்

தெருவெல்லாம் பெரஹரா ஊர்வலத்துக்குச் சோடனை. புதுக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. இந்தக் கிழமை ரெண்டு ஹோட்டல்காரர் புதுசாக வந்தார்கள். லாபிர் தன் பக்கத்துக் கண்ணாடியில் பீங்கான் கோப்பை ஒன்றை வைத்திருந்தார், அலங்காரத்துக்காம். எடுக்க வைத்தேன்.

ஒன்றரைக்குச் சைவக் கடை. வெயில் என்பதால் ஐயா குடையோடு வந்தார். இராஜகுமாரி அம்மா கனடாவிலிருந்து வந்து மூன்று கிழமையாகிறது, வீட்டில் மூன்று வேளையும் சமையல். “கடை விஷயமா ஒரு பேச்சு இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பேச ஒன்றுமில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். ஐயா மூன்றாம் தரமும் சோறு வாங்கினார்.