வேலியோர வடலியில் கட்டிய முட்டி

இன்று காலை குசினிக் கதவைத் திறந்ததும் ரம்பை இலை மணம் அடித்தது. வீட்டில் ரம்பை கிடையாது. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக்கு அடியில் ஒரு மரநாய் சுருண்டு கிடந்தது. அந்த மணம் அதன் உடம்பு மணம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீர். நீர் கண்ணை மூடி ஆறு மாதமாகிறது.

வேலணையில் என் காணிப் பனைகளை நீர்தான் கள்ளுக்குச் சீவினீர். மரநாய் கள்ளைக் குடிக்கும் என்று மற்றவர்கள் மரத்தில் கட்டிய கள்ளு முட்டிகளைச் சுற்றி முள் கட்டினார்கள். நீர் ஒரு முட்டியில் கொஞ்சம் கள்ளு விட்டு, வேலியோரத்து இளம் வடலிப் பனையில் கையெட்டும் உயரத்தில் அதற்கென்றே கட்டி வைப்பீர். பங்கைக் கொடுத்தால் மற்றதில் வாய் வைக்காது என்பீர். அதன் எச்சத்தைக் கிளறி ஈச்சங்கொட்டை, வேப்பங்கொட்டை எல்லாம் காட்டுவீர். ஊருக்கு மரம் வைக்கிறது நாங்களில்லை, அதுதான் என்று சிரிப்பீர்.

ஒரு கிழமைக்குள்ளேயே என் கோழிகள் மூன்று கழுத்துக் கடிபட்டுச் செத்தன. மரநாயின் வேலைதான் என்று எனக்கு மூளை கொதித்தது. நீர் அதற்காகக் கட்டிய முட்டியிலேயே பூச்சிமருந்தை ஊற்றினேன்.

விடிய வந்தபோது அது வடலியடியில் கிடந்தது. நுரையும் இரத்தமும் வாயில். நகத்தால் மண்ணைக் கிண்டிக் கிண்டியே செத்திருந்தது. நீர் புரட்டிப் பார்த்தீர். மடியில் பால் இருந்தது. எழும்பி, பாளைக் கத்தியின் பிடியால் என் வாயில் அடித்தீர். பல் இரண்டு தெறித்தது.

“நம்பி வந்ததுக்கு நஞ்சு வைச்சனீங்களோ?”

வெளிநாடு போனவர்களின் பூட்டிக் கிடந்த வீட்டுக் கூரையில் குட்டிகளைக் கண்டுபிடித்தீர். மூன்று. கண் திறக்கவில்லை. உம்முடைய இடுப்புச் சாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்தன.

சீவுகிறவன் காணிக்காரனுக்குக் கை நீட்டுவதோ என்று என் தம்பிமார் அலவாங்குக் கம்பியோடு உம்முடைய வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். வலக்கையை இரண்டு இடத்தில் முறித்தார்கள். உம்முடைய மனுசி என் காலைப் பிடித்துக் கத்தினா. நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். அதன் பிறகு நீர் மரம் ஏறவில்லை. அடுத்த கிழமை நாலாவது கோழியைக் கடித்துக்கொண்டு ஓடியதை என் கண்ணாலேயே கண்டேன். கீரி.

அதையும் உம்மிடம் வந்து சொல்லவில்லை. பத்து வருசம் இரண்டு வளவு தள்ளி இருந்தீர்.

மரநாய் அழிகிற இனமில்லை, உலகத்தில் நிறைய இருக்கிறதாம். மருமகன் கைபேசியில் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒன்று செத்தால் என்ன என்று இன்று பூச்சிமருந்துப் போத்தலோடு வந்தார். மண்வெட்டியை ஓங்கினேன். வெட்டியே இருப்பேன்.

“விடும். கை வைக்காதையும்” என்றேன்.

அவர் பயந்து போத்தலைக் கீழே வைத்தார். நான் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கதிரையில் குந்தினேன். அந்தச் சொல்லுக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது. உம்முடைய படலையில் நின்றபோதும் என்னிடம் அந்த மூச்சு இருந்தது.