ரத்னமகாலின் நடுச்சுவர்

ஓசூர்
4-3-1988

தம்பி நாராயணப்பனுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் அண்ணிக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை.

போன கடிதத்தில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். நம் டாக்கீஸைக் கிடங்காக எடுத்துக்கொள்ள மூக்கண்டப்பள்ளிக் கம்பெனிக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார். உன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. சேலம் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்த மாதம் அப்பா படுத்துவிட்டார். "கொஞ்ச நாள் பார்த்துக்கோ" என்றார். நீ பம்பாயில் படித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. எம்.ஏ. படித்துவிட்டு இடைவேளையில் முறுக்கு விற்பவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பால்கனி ஒழுகுகிறது. என்னை விட்டுவிடு.

அண்ணன்
சென்னகிருஷ்ணன்

பம்பாய்
20-3-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். ரத்னமகால் கிடங்காவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வளைந்த மாடிப்படி, சுண்ணாம்பு மயில்கள், சிவப்பு வெல்வெட் திரை எல்லாவற்றையும் அப்பா கட்டியபடியே ஒருமுறை எழுப்புங்கள். ஒரு செங்கல்கூட மாறக் கூடாது. செலவு என்னுடையது. தீபாவளிக்குத் திறந்து ஓடட்டும். அதன்பிறகும் நீங்கள் விட்டுப் போகத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் பிரியமுள்ள
நாராயணப்பன்

ஓசூர்
14-11-1988

தம்பிக்கு,

திறந்தாயிற்று. மயிலுக்கு மயில், படிக்குப் படி, நீ சொன்னபடியே. தரை வகுப்பில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து அப்பா வைத்த நடுச்சுவரும் மறுபடி நிற்கிறது. அவர் காலமான வருஷம் நான் அதை இடித்ததற்கு, "அப்பாவையே இடித்துவிட்டீர்கள்" என்று எழுதினாய். நான் மறக்கவில்லை.

மதியக் காட்சிக்குக் கம்பெனி ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். கேட்டில் நிற்கும் கங்கப்பன் பெண்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினான். இருளாயி என்று ஒரு மதுரைப் பக்கத்துப் பெண் நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது, ஆட்டுப்பட்டியா?"

"அந்தக் காலத்துல இப்பிடிதாம்மா இருந்துச்சி."

"கம்பெனி லைன்ல நாள் பூரா இந்த முனிவேல் பக்கத்துலதான் நிக்கிறேன். கடிச்சா வச்சிட்டாரு?"

"இன்னும் இல்ல," என்றான் கூட வந்த முனிவேல்.

சிரித்தார்கள். பிறகு எல்லோருமே, ஆண்களும்தான், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மயில்களுக்குப் படம் ஓட்டினேன். தீபாவளி முடிந்துவிட்டது. கையெழுத்தை அனுப்பு.

அண்ணன்

பம்பாய்
25-11-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆட்கள் திரும்பிப் போகட்டும் என்று வேண்டுமென்றேதான் சுவரை வைத்தீர்கள். எனக்குக் கோபமில்லை. சுவரை எடுத்துவிடுங்கள். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வளவு உயரம் என்று உங்களைத் தவிர யாருக்கு நினைவிருக்கிறது? இப்படிப்பட்ட ஒருவரை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தை வேறு யாரிடம் கொடுப்பது? உங்களுக்கே அதை விட மனசில்லை. கையெழுத்தைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம். பொங்கலுக்குக் குழந்தைகளுடன் வருகிறேன். பால்கனியில் நம் குடும்பம் உட்காரும் தனிப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பிரியமுள்ள
நாராயணப்பன்

ஓசூர்
6-12-1988

திரு. நாராயணப்பன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுவர் எடுக்கப்பட்டது. முதல் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காக மதியக் காட்சி மூன்று மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. பால்கனிப் பெட்டிக்கும் இனி டிக்கெட் உண்டு. தாங்கள் வருவதானால் கவுண்டரில் வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளவும். தங்குவதற்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்
பொறுப்பாளர், ரத்னமகால் டாக்கீஸ்