பூங்காவில் மட்டும் சிரித்தவருக்கு

அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, நீங்கள் சிரிக்கும் படத்தைப் பார்த்தேன். லஸ் பக்கத்துப் பூங்கா, உங்கள் சிரிப்பு கிளப் ஆட்கள், நடுவில் கைகளைத் தூக்கியபடி வாய் கொள்ளாமல் நீங்கள். உங்களுக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பதே இந்தப் படத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"மனசுவிட்டுச் சிரிங்க சார், இதயத்துக்கு நல்லது" என்று டாக்டர் சொன்னதும் வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அம்மாவுக்கும் அதே டாக்டர்தான். அவளுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை எழுதி, "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றேன்.

"நாலு ஆம்பளைங்க முன்னாடி பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா அவ?"

வீட்டில் மட்டும் காட்ட முடிந்ததா? நான் பள்ளியில் படித்த காலத்தில், அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, மேல் வீட்டுக்காரர் நடக்கும் நடையை அம்மா எனக்கு நடித்துக் காட்டுவாள். கூடத்திலிருந்து உங்கள் குரல் வரும்: "குடும்பப் பொம்பளைங்க சிரிக்கிற சிரிப்பா இது? தெருவுக்கே கேக்குது." அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். போகப்போக முந்தானையும் தேவைப்படவில்லை. தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. அடக்கமான குடும்பம் என்று உறவில் பெயர் வாங்கினோம்.

உங்கள் காரியத்துக்கு வந்த பூங்கா நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார் சிரிச்சா மரத்துல இருக்கிற காக்காயெல்லாம் பறந்துடும்மா. அப்படி ஒரு மனுஷன்!"

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "பாவம்டி, வீடு மாறி வந்துட்டாரு போல."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறோம் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். "அடக்கிவைக்காதீங்க, வாய்விட்டு அழுதுடுங்க" என்றார்கள். அழுகைக்கு மட்டும் இந்த வீட்டில் சத்தம் போட அனுமதி உண்டு.

அந்த நண்பர்தான் இந்தப் படத்தை அனுப்பினார். வருஷத் திதிக்கு இதையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறான் தம்பி. "எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாருக்கா!" ஸ்டூடியோவுக்குப் போகும் வேலை எனக்கு. அம்மா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. அதை மாட்டப்போகும் சுவருக்கு எதிரில்தான் அவள் நாற்காலி.

நாற்பது தாண்டியும், சிரிப்பு வந்தால் என் கை தானாக வாய்க்குப் போகிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது.

சாயங்காலம் ஸ்டூடியோவில் உங்கள் பாஸ்போர்ட் படத்தைக் கொடுக்கப்போகிறேன், உதடு இறுகியிருக்குமே, அதை. அம்மாவுக்குத் தெரிந்த முகம் அதுதான். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.