அத்தை வீட்டு அலமாரி

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
9.10.1966

அன்புள்ள அத்தான்,

நான் நலம். கால்கள்தான் நலமில்லை; மூன்று நாளாக ஓயாத நடை!

டெங்கிக் காய்ச்சலைத் தடுக்க எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் நாற்பது பேர் வீடு வீடாகப் போகிறோம். அந்தக் கொசு சாக்கடையில் அல்ல, வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. டார்ச் அடித்து, நெளியும் புழுவைக் காட்டினால்தான் வாயைப் பிளக்கிறார்கள்.

இன்று ஃபேரர் பார்க்கில் யார் வீடு வந்தது தெரியுமா? உங்கள் வீடு! அத்தை காப்பி கலக்கப் போனார்கள். நான் சும்மா இருப்பேனா? எறும்பு ஏறாமலிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறார்களே, அவற்றில் டார்ச் அடித்தேன். நான்கிலும் புழு! சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டுச் சரஸ்வதி அக்காகூட ஓடி வந்து பார்த்தார். கிண்ணங்களைக் கழுவி உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். காப்பியும் வரவில்லை.

நீங்கள் வேலைக்காகக் குளுவாங் போகும்போது ஜாடியில் வைத்துக் கொடுத்த மணி பிளாண்ட் நான்கு இலை விட்டிருக்கிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீர் என்பதால் கொட்ட மனம் வரவில்லை.

உங்கள்
பாக்கியம்

குளுவாங்
16.10.1966

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதம் இரண்டு பக்கம். அதே நாளில் வந்த அம்மாவின் கடிதம் ஆறு பக்கம்.

"பொண்ணு பார்க்க நாம போனோம். இப்ப அவ வந்து நம்ம அலமாரியைப் பார்த்துட்டுப் போறா. அதுவும் அந்தச் சரஸ்வதி முன்னாலயே! தையில கல்யாணம்கிற பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வை" என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அம்மா தினமும் இரண்டு தடவை வீடு துடைப்பவர். புழு இருந்தது உண்மைதான், கத்தியிருக்க வேண்டுமா? போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். உன்னை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

தனசேகரன்

சிராங்கூன் சாலை
22.10.1966

அன்புள்ள அத்தான்,

அவசரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்!

உங்கள் கடிதம் கண்டு கோபம்தான் வந்தது. புழுவைக் கண்டுபிடித்ததற்கு மன்னிப்பா? சூடாகப் பதில் எழுத மேசையில் உட்கார்ந்தேன். எதிரே உங்கள் மணி பிளாண்ட் ஜாடி. வேருக்கு நடுவே என்னவோ நெளிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஊரெல்லாம் டார்ச் அடித்தவள், என் மேசையில் அடிக்கவில்லை!

ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ஃபேரர் பார்க்குக்கு ஓடினேன். அத்தை கதவைத் திறந்தார்கள், முகத்தில் சிரிப்பில்லை.

"இது என் ரூம்ல இருந்துச்சு, அத்தை. அன்னைக்கு நான் கத்தினது தப்பு. இப்ப நீங்க கத்துங்க" என்று ஜாடியை நீட்டினேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "என் வீட்டுதைவிடக் கொழுகொழுன்னு இருக்கே!" என்றார்கள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "சரசு! இங்க வந்து பாரு லா, என் மருமக வளர்த்த புழுவை!" என்று கத்தினார்கள்.

மருமகள் என்றார்கள், அத்தான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பியும் வந்தது; இரண்டு கப் குடித்தேன்.

நீங்கள் ஊற்றிய தண்ணீரை அத்தையே கொட்டிவிட்டார்கள். கொடி இப்போது உங்கள் வீட்டு வாசலில், மண்தொட்டியில். தையில் வந்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள்.

நாளைக்கு அத்தையும் எங்களோடு வருகிறார்கள். முதலில் சரஸ்வதி அக்கா வீட்டு அலமாரியைத்தான் பார்க்க வேண்டுமாம். என் டார்ச்சை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உங்கள்
பாக்கியம்