மரத்துச் சொட்டு

நர்சம்மா,

இன்றைக்குக் காலையில் சேலத்தில் கண் பிரஷர் பார்க்க என் இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார்கள். விட்டதும் சுருக்கென்று ஒரு எரிச்சல். நாலு மூச்சு விடுவதற்குள் எரிச்சலும் இல்லை, கண்ணும் இல்லை. இமை இருந்தது, அதற்குள்ளே ஏதோ ஈரமான இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுருக்கிலேயே உங்களைத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று மாசி மாதம் மருமகள் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இருந்தது. இன்றைக்குப் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கையில், கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் சோளம் தூற்றிய நாள் அது. காற்று திரும்பி ஒரு சொங்கு, சோளத்து உமி, இடது கண்ணில் ஏறிவிட்டது. மாமியார் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார். போகவில்லை. மறுநாள் உங்கள் டாக்டரிடம் வந்தேன். நீங்கள் என் தாடையைப் பிடித்து, "மேல பாரு அம்மணி" என்று ஒரு சொட்டு விட்டீர்கள். டாக்டர் ஊசி முனையால் சொங்கை எடுத்தார். ஊசி வருவதையும் போவதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலியே இல்லை. பக்கத்து ஊட்டுக் கண்ணில் யாரோ எதையோ செய்கிற மாதிரி இருந்தது.

கட்டுப் போட்டு, ஒரு சொட்டு மருந்தும் களிம்பும் கையில் கொடுத்து, சொன்னீர்கள்: "மரத்துச் சொட்டு உட்டிருக்குது. கசக்கிப் போடாத."

மரத்துப் போக வைக்கிற சொட்டு என்பதைத்தான் அவசரத்தில் அப்படிச் சுருக்கினீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் மாதிரி ஏதோ ஒரு மரத்திலிருந்து இறக்கியது என்று எடுத்துக்கொண்டேன். மரம் கொடுப்பது ஒருத்தரையும் கெடுக்காது என்று வளர்ந்தவள் நான். அடுத்த ஆளைக் கூப்பிட நீங்கள் திரும்பினீர்கள். மரத்துச் சொட்டுக் குப்பி தட்டில் இருந்தது. அப்புறம் என் மடியில் இருந்தது.

ஊடு வந்து சேர்வதற்குள் வலி திரும்பிவிட்டது. கொடுத்தனுப்பிய மருந்து எரிந்தது, மூடி வைத்துவிட்டேன். கட்டை அவிழ்த்தேன். மரத்துச் சொட்டை விட்டேன். வலித்தபோதெல்லாம் விட்டேன். மூன்று நாளும் தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி இருந்தது, நர்சம்மா. மஞ்சள் காட்டில் களை வெட்டினேன். கண்ணில் மண் விழுந்தாலும் தெரியவில்லை, ஈ மொய்த்தாலும் தெரியவில்லை. பல்பைப் பார்த்தால் சுற்றிலும் நிறம் நிறமாய் வளையம். காடு முழுக்க ஆவி பறக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். அந்த மூன்று நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் கருவிழியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. பஸ் ஏறும்போதுகூட ஒரு சொட்டு விட்டுக்கொண்டுதான் உங்களிடம் வந்தேன். ஊட்டில் வேறு ஏதாவது விட்டாயா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பஞ்சை நூலாய்த் திரித்து என் கண்மேல் தொட்டீர்கள். இமை அசையவில்லை. நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பேச்சை மாற்ற நினைத்து நான் கேட்டேன்:

"அது எந்த மரத்துச் சொட்டுங்க?"

நீங்கள் சிரித்தீர்கள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்தம்மா தோட்டத்தில் வைக்கக் கன்று கேட்கிறாள் என்று ஒருவன் சொன்னான். அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று நிறுத்தினீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினீர்கள். மடியிலிருந்து குப்பியை எடுத்து வைத்தேன்.

உள்ளே டாக்டர் சத்தம் போட்டார். அது வலியை மறைக்கிறதே தவிர ஆற்றுகிற மருந்தில்லை, விட்டுக்கொண்டே இருந்தால் புண்ணை ஆறவிடாமல் கண்ணையே தின்றுவிடும், இவள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தானுங்க குடுத்துட்டேன்," என்றீர்கள். "வலிக்குதுன்னு அழுதுச்சு."

எத்தனை வருசம் வேலை பார்க்கிறாய், இதுகூடத் தெரியாதா என்று என் எதிரிலேயே உங்களைக் கேட்டார். அதற்கப்புறம் தினமும் வரச் சொல்லி நீங்களே மருந்து விட்டீர்கள். கண் தப்பியது. கருவிழி நடுவில் வெள்ளைத் தழும்பாய் ஒரு பூ மட்டும் விழுந்து நின்றுவிட்டது.

நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. ஒருநாள் சந்தையில் எதிரே வந்து, கண்ணு எப்படி இருக்குது அம்மணி என்று கேட்டீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்காளி பொறுக்கினேன்.

பல வருசம் கழித்து மருமகளுக்குக் கண்ணில் தூசி விழுந்து உங்களிடம்தான் வந்தாள். திரும்பி வந்து, அந்த வயசான நர்சம்மா சொட்டு விடுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரிடமும் பாடம் நடத்துகிறார் என்று சொல்லிச் சிரித்தாள். "இது மரத்துல இருந்து வர்றதில்லீங்க. கண்ணை மரத்துப்போக வெக்கறது. வலி தெரியாது, ஆனா புண்ணு ஆறாது. உணர்ச்சி திரும்பற வரைக்கும் கையே வெக்காதீங்க. யாரு கேட்டாலும் ஊட்டுக்குத் தர மாட்டோம்." மரத்திலிருந்து வருகிறது என்று எவளாவது நினைப்பாளா அத்தை என்று கேட்டாள். நான் அரிசி களையப் போய்விட்டேன்.

சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை, நர்சம்மா. அது இருக்கட்டும். இன்றைக்கு டாக்டர், சின்னப் பிள்ளை, விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பூ எப்படி விழுந்தது பாட்டிம்மா என்று கேட்டது. சொங்கு பட்டது என்றுதான் இத்தனை வருசமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இன்றைக்கு வாய் வேறு சொல்லிவிட்டது.

"நர்சம்மா குடுக்கலைங்க. நான்தான் எடுத்தேன்."

எந்த நர்சம்மா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. மோவாயை நேராக வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கண்ணைப் பார்த்தது.