ஐந்தாவது வரிசைச் சிரிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை உன் முதலாண்டு நினைவுத் திருப்பலியில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருமலாக மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. கடைசி பெஞ்சுவரை போய்ச் சேருகிற, நல்ல தெளிவான சிரிப்பு. நீ பழக்கிவிட்ட சிரிப்பு. பாடற்குழுப் பெண்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி முழங்கையால் விலாவில் ஒரு இடி வைத்தாள். மேற்கு மாம்பலம் போய்ச் சேரும்வரை என்னோடு பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மறையுரை நடுவில், உன் ஆன்மாவின் இளைப்பாற்றியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஃபாதர், பட்டை ஃப்ரேம் போட்ட மூக்குக்கண்ணாடியை ஆள்காட்டி விரலால் மேலே தள்ளினார். உன்னைப் போலவே. அந்த விரலுக்கும் என் தொண்டைக்கும் நடுவில் முப்பது வருஷமாக ஒரு கம்பி ஓடுகிறது. இழுத்தால் மணி அடிக்கும்.

அதைக் கட்டியவன் நீ. மயிலாப்பூர் சபாவில் உன் குழு போட்ட முதல் நாடகத்தை ஜனங்கள் அமைதியாகப் பார்த்து, அமைதியாக எழுந்து, கேண்டீனில் போண்டா ஆறிவிட்டது என்பதற்குத்தான் குரலே எழுப்பினார்கள். இரண்டாவது நாடகத்துக்கு என்னைக் கூப்பிட்டாய். சிரிப்பை ஆரம்பித்துவைக்கக் கூட்டத்தில் ஒரு ஆளை உட்காரவைப்பது நாடகக் குழுக்களில் சகஜம். ஐந்தாவது வரிசை ஓரத்தில் ஒரு சீட்டைக் காட்டினாய்.

"முதல் நாலு வரிசை ஓசி டிக்கெட் நைனா. ஓசில வந்தவன் சிரிக்க மாட்டான், கௌரவம் பாப்பான். நீ அஞ்சாவதுல ஆரம்பி, பின்னாடி தானா புடிச்சுக்கும்."

எப்போது சிரிக்கவேண்டும் என்று கேட்டேன்.

"உனக்கே தெரியும்" என்றாய்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். காய்கறிக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுத்தால், கத்திரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன். எனக்கே தெரியும் என்றால் என்ன அர்த்தம்? எதையோ சொல்லாமல் சொல்கிறாய் என்று மேடையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. கண்ணாடியை விரலால் தள்ளினாய் என்றால் ஜோக் வருகிறது. நீ தள்ளினாய், நான் சிரித்தேன், சபா சிரித்தது. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று வியந்துபோனேன். இதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. தொழில் ரகசியத்தை வாயால் சொல்லிக்கொண்டு திரிவது அழகில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள், வீட்டுக்காரர் செத்துப்போன செய்தியை நீ குடித்தனக்காரர்களுக்குச் சொல்லும் கட்டத்தில் கண்ணாடியைத் தள்ளினாய். அங்கே ஜோக் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் உத்தரவு உத்தரவுதானே? சிரித்தேன். சபாவே சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த வாரம் அந்த இடத்தில் இரண்டு வரி கூட்டியிருந்தாய். பிற்பாடு டிவியில் உன் பெயரைச் சொன்ன காட்சியே அதுதான். அன்றைக்கு மட்டும் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வந்து, "அங்க ஏண்டா சிரிச்ச?" என்று கேட்டாய். ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் நாடகம் டிவிக்குப் போயிற்று. தி.நகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது பேருக்கு இட்லி வடை போட்டு உட்காரவைத்துச் சிரிப்பைப் பதிவுசெய்தார்கள். அதிலும் நான்தான் முன்னணி. ஆறாவது மாதம் தயாரிப்பாளர் எங்கிருந்தோ ரெடிமேட் சிரிப்பு டேப் ஒன்றை வாங்கிவந்துவிட்டார். எனக்கு வேலை போயிற்று. "வருத்தப்படாத. மெஷின் உன்னைவிட யோசிச்சு சிரிக்குது" என்று ஆறுதல் சொன்னாய். ஊரில் வாண்டுகள் எல்லாம் விரலால் மூக்கைத் தள்ளி உன்னைப் போல நடித்துக் காட்டின. அது ஸ்டைல் என்று ஊர் நினைத்தது. சங்கேதம் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல!

சிரிக்கிற வேலை போன பிறகும் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக்குக் கூப்பிட்டு ஏன் டிபன் போட்டாய் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. என்னிடம் வேறு என்ன இருந்தது? வார இதழில் அரைப் பக்கம் நகைச்சுவை எழுதுகிறவன். அதற்கு யாரும் சிரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் உன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்தாய். கண்ணாடி கடையில் இருக்கிறது, ஸ்க்ரூ மாற்றக் கொடுத்திருக்கிறது என்று சொல்லி, உன் மனைவி ஸ்டெல்லாவைப் படிக்கச் சொன்னாய். நான் நம்பவில்லை. வேண்டுமென்றே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குப் பரீட்சை வைக்கிறாய் என்று தோன்றியது. ஸ்டெல்லா படித்தாள். ஒரு கிழவர் தன் ஈஸிசேரைத் தூக்கிக்கொண்டு மகன்கள் வீடு வீடாகப் போகிறார். கோபாலபுரத்து பங்களாவில்கூட சேர் நிலைப்படிக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. மூத்த மருமகள், சேர் வெளியே இருக்கட்டும் என்கிறாள். இளைய மருமகள், மாமாவும் வெளியே இருக்கட்டும் என்கிறாள். கேட்கக் கேட்க எனக்குள் என்னவோ குறுகுறுத்தது. அது சிரிப்புதானா என்று முடிவுசெய்ய உன் மூக்கின்மேல் ஒன்றும் இல்லை. கல்லாக உட்கார்ந்திருந்தேன். மூன்று அத்தியாயம் முடிந்தது. நீ என்னையே பார்த்தாய்.

"சரி, காபி குடி" என்றாய்.

நாவல் அச்சில் வந்தபோது அந்த வேடிக்கை வரிகளையெல்லாம் நீ அடித்துவிட்டிருந்தாய், மருமகள்கள் வாயடைத்துப் போயிருந்தார்கள். கடைசியில் ஈஸிசேர் தெருவில் மழையில் நனைந்தது. படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். விருது கிடைத்தது. தி.நகர் அரங்கில் அதை வாங்கிக்கொண்டு நீ பேசிய ஒரு வரி இருக்கிறதே, அதை இத்தனை வருஷமாக நான் பாக்கு மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிகிறேன்.

"என் சிநேகிதன் ஒருத்தன் சிரிக்காத அன்னிக்குத்தான் நான் எழுத்தாளன் ஆனேன்."

சொல்லிவிட்டு ஐந்தாவது வரிசையைப் பார்த்தாய். கைதட்டல் ஓயவில்லை. நன்றி சொன்னாயா, குத்திக் காட்டினாயா? அதற்குப் பிறகு நீ காமெடி எழுதவே இல்லை. டிவிக்காரர்கள் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தடுத்து நாவல்கள், எல்லாவற்றிலும் யாராவது நனைந்துகொண்டே இருந்தார்கள். ஊரையே சிரிக்கவைத்த ஒருவனை நான் ஒரு சாயங்காலத்தில், காபி வருவதற்குள், சாகடித்துவிட்டேனா? கேட்கப் பயந்தேன். நீயும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாட்களில், அடையாறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் திறந்தாய். மத்தியானம், ஸ்டெல்லா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"அன்னிக்கு ஸ்டெல்லா படிச்சாளே, ஏண்டா சிரிக்கல? சிரிக்கறதுக்குத்தான் எழுதினேன்."

தொண்டை கட்டியிருந்தது என்றேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இத்தனை மட்டமான பொய் சொன்னதில்லை. "ஓ" என்றாய். கண்ணாடியை மேலே தள்ளினாய். நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார். நீ என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "இப்ப ஏண்டா?" என்றாய். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இன்னும் பெரிதாகத்தான் வந்தது. அப்புறம் நீயும் சிரித்தாய், மூச்சு வாங்கும்வரை. மேடையில் நிற்கிறவன் சிரிக்கக் கூடாது. அதனால் நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நீ போய்விட்டாய், கம்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. பாங்க் மேனேஜர் கண்ணாடியைத் தள்ளி, கடன் கிடையாது என்றார், சிரித்தேன். மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் தள்ளினார். சிரித்தேன், டிக்கெட் இருந்தும் கால் மணி நேரம் நிற்கவைத்தார். இப்போது கோயிலிலும் ஆயிற்று.

பூசை முடிந்து வளாகத்தில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். உன் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நின்றார்கள். ஸ்டெல்லா நேராக என்னிடம் வந்து, எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டாள். முதல் தடவையாக ஒரு ஆளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: ஐந்தாவது வரிசை, சங்கேதம், செத்த வீட்டுக்காரர், நீ வைத்த பரீட்சை, ஆஸ்பத்திரி. டீ ஆறும்வரை கேட்டாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஃபாதர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவர் போட்டிருக்கறது இவரோட ஃப்ரேம்தான் அண்ணா. சும்மா கெடக்க வேணாம்னு குடுத்தேன், பவர் மட்டும் மாத்திக்கிட்டார். மொதல்ல அது எங்க மாமனாரோடது, அவருக்குப் பெரிய முகம். எத்தனை ஸ்க்ரூ மாத்தினாலும் யார் போட்டாலும் எறங்கும்."