படிக்கட்டில் ஒரு சோபா

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டரைப் பார்த்துவிட்டு மதியம்தான் ஆபீசுக்குப் போனேன். அதற்குள் காலைக் கூட்டத்தில் என்னை எங்கள் மாடியின் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளராக்கிவிட்டார்கள். வராதவன் தலையில் கட்டுவதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுக் காட்டினேன். மனைவி சிரித்து ஓய நேரமாயிற்று.

ஜூன் 4

அவசர வழிக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும், புகை படிக்கட்டுக்குள் போகக்கூடாது. எங்கள் ஆட்கள் காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். முட்டுக் கொடுத்திருப்பது எது? தீயணைக்கும் சிலிண்டர்! வெளியே படிக்கட்டில் மேனேஜரின் பழைய சோபா. எடுக்கச் சொன்னேன். "தீ பிடிச்சா எடுத்துடலாம்பா" என்றார். இவரிடம் என்னத்தைச் சொல்வது?

ஜூன் 9

கணக்குப் பிரிவு அக்காவுக்கு முழங்கால் வலி. ஏற இறங்க லிஃப்ட்தான். தீ என்றால் லிஃப்டில் போகக்கூடாதே என்றேன். கால்குலேட்டரை விட்டுத் தலை நிமிராமல், "அப்போ நீங்கல்லாம் இறங்குங்க. நான் கணக்க முடிச்சுட்டு வரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இருக்கைக்கு வந்த பிறகுதான் பகீரென்றது. நிஜமாகவே பிடித்தால் — அக்காவை யார் இறக்குவது? இத்தனை நாளாக ஒருத்தரும் யோசிக்கலையே!

ஜூன் 10

அக்காவை முதுகில் சுமந்து இறங்குவதுபோல் கனவு. கனவிலும் பயணச் செலவு ரசீது கேட்கிறார்.

ஜூன் 16

அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்குவது என்று முடிவு. வாட்டசாட்டமான இரண்டு பேரைப் பிடித்தேன். ஒத்திகைக்கு மேனேஜரே உட்காருகிறேன் என்றார், பெருந்தன்மை. சோபாவில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அந்தரத்தில் இருந்தபடி மேனேஜர் கேட்டார்: "இந்த சோபாவ யாருப்பா இங்க போட்டது?"

சாயங்காலமே சோபா போய்விட்டது.

ஜூன் 27

இன்று நிஜமாகவே மணி அடித்தது. யாரோ சாப்பாட்டை அலுமினியத் தாளோடு மைக்ரோவேவில் வைத்துவிட்டார்கள், ஒரே புகை. கதவு மூடியிருந்தது, தள்ளியதும் திறந்தது. படி காலி. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கினேன். பாதிப் படியில், கீழே கூட்டத்துக்கு நடுவே நாற்காலி தூக்க வேண்டிய அந்த இரண்டு பேரின் தலைகள் மட்டும் தெரிந்தன. அக்கா எங்கே?

மேலே ஓடினேன். மேசைக்கடியில்கூடத் தேடினேன். இருமலோடு கீழே வந்தால் — வாசலில் மரத்தடியில் அதே நாற்காலியில் அக்கா, ஆட்களை எண்ணிக்கொண்டு! முதலில் இறக்கியதே அவரைத்தானாம், நாற்காலியைக் கூட்டம் மறைத்திருக்கிறது.

"ஒரு தலை குறையுதுன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. திரும்ப உள்ள போகக்கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் சொன்னது நீதானே?"

எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூலை 1

ஆரஞ்சுச் சட்டையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த முதல் உத்தரவு, நடைவழியில் கிடக்கும் என் பையை எடுக்க வேண்டுமாம். எடுத்துவிட்டேன்.